விண்ணப்பதாரருக்கு விருப்பம் இல்லை

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். நான் போனில் கூப்பிடாமல் கடிதம் எழுதுவதைப் பார்த்து உனக்கு முதலில் சிரிப்புதான் வரும். போனில் பேசினால் நீ குரலைத் தாழ்த்தி, "சொல்லும்மா, உனக்கு என்ன தோணுது?" என்று ஆரம்பிப்பாய். பத்தாவது நிமிடம் நான்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பேன். உன் தொழிலே அதுதானே. அதனால் எழுத்தில் கேட்கிறேன், எழுத்திலேயே பதில் சொல்.

போன புதன்கிழமை எங்கள் பழைய ஆவணப் பிரிவுக்கு நாற்பத்திரண்டு கட்டுகள் வந்தன. எல்லாம் ஒன்பது வருடம் கடந்த தாள்கள். அழிக்க வேண்டியவை. எங்கள் பிரிவில் என்ன வேலை நடக்கிறது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, ஆகவே நானே சொல்கிறேன். எந்தக் கட்டையும் பிரித்துப் பார்க்காமல் அரைக்கும் இயந்திரத்துக்கு அனுப்பக் கூடாது. நூலை அவிழ்த்து, தாள்களைப் புரட்டி, யாருக்காவது இன்னும் தேவைப்படக்கூடிய காகிதம் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் தனிப் பதிவேட்டில் எழுதி எடுத்துவைக்க வேண்டும். மற்றவர்கள் மேல்தாளையும் அடித்தாளையும் பார்த்துவிட்டு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். நான் எல்லாவற்றையும் புரட்டுகிறவள். "உனக்கு மட்டும் ரெட்டைச் சம்பளமா?" என்று கேலி செய்வார்கள்.

அந்தக் கட்டுகள் நீ அப்போது வேலை பார்த்த தொழில் வழிகாட்டி மையத்திலிருந்து வந்தவை. பதினேழாவது கட்டில் எங்கள் பள்ளி. கடைசி வருட மாணவர்களுக்கு நீ வந்து நடத்தினாயே, அறுபது கேள்வி, பிடிக்கும் பிடிக்காது என்று டிக் அடிக்கும் சோதனை, அந்தத் தாள்கள். என் தாளும் இருந்தது. பெயரைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. இருபத்து மூன்றாம் கேள்வி, "உடைந்த பொருளைப் பிரித்துப் பார்க்கப் பிடிக்குமா?" என்பது. அதற்குப் பிடிக்கும் என்று பென்சிலை அழுத்திய அழுத்தில் தாள் ஓட்டை விழுந்திருந்தது.

அதோடு குத்திவைத்த மூன்று காகிதங்கள். முதலாவது உன் கையால் எழுதிய முடிவு அட்டை. "இயந்திரப் பராமரிப்பு: மிக அதிகம். ஆவணப் பணி: மிகக் குறைவு. பரிந்துரை: லிஃப்ட் பழுதுபார்ப்புப் பயிற்சி நிலையம்." இரண்டாவது, அந்த நிலையம் எனக்கு அனுப்பிய அழைப்பு. முப்பத்தொன்றாம் இடம், இரண்டு வருடப் பயிற்சி, தங்கும் விடுதி. மூன்றாவது மறுப்புச் சீட்டு. "விண்ணப்பதாரருக்கு விருப்பம் இல்லை." கீழே என் கையெழுத்து. அதற்குக் கீழே, பதிவு செய்த அலுவலர் என்ற இடத்தில் உன் கையெழுத்து.

எனக்கு எந்த அழைப்பும் வந்ததாகத் தெரியாது. நம் கட்டிட லிஃப்டுக்கு முன்னால் நின்றுகொண்டு நீ சொன்னது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது. "டெஸ்ட்ல உனக்கு ஆவண வேலைதான் வந்திருக்கு. மெஷின் பக்கம் சுத்தமா மார்க்கே இல்ல. ஆசை வேற, பொருத்தம் வேற, புரிஞ்சுக்கோ." நான் தலையை ஆட்டினேன்.

என்ன நடந்தது என்று சொல். அம்மா சுகம். லிஃப்ட் மூன்று மாதமாகப் பழுது. நாலாவது மாடியிலிருந்து அம்மா கீழே இறங்கவே இல்லை.

தங்கை

ஏப்ரல் 14

அன்புள்ள திருகாணிக்கு,

உன்னை இப்படிக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று. வீட்டில் ஒரு டைம்பீஸை விட்டுவைத்தாயா நீ? அப்பா இருந்தபோது வைத்த பெயர்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ கோபமாக இருக்கிறாய், புரிகிறது. வருடக்கணக்கில் ஒரே அறையில், ஒரே தூசியில் இருந்தால் யாருக்கும் இப்படித் தோன்றும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இருபத்தாறு வயதில் இதைத்தான் சொல்கிறார்கள், நான் வேறு ஏதோ ஆகியிருக்க வேண்டியவள் என்று.

கொஞ்சம் பொறுமையாகக் கேள். வேலை வேறு, தொழில் வேறு. வேலை என்பது இன்றைக்கு நீ போய் உட்காரும் நாற்காலி. தொழில் என்பது அப்படிப் பல நாற்காலிகள் சேர்ந்து நீ நடந்துவந்த பாதை. அந்தச் சோதனை ஒருவருடைய விருப்பத்தை மட்டும்தான் காட்டும். திறமை, உடல்நிலை, குடும்பச் சூழல் எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டுச் சொல்வதற்குத்தான் வழிகாட்டி என்று ஒருத்தி சம்பளம் வாங்குகிறாள். லிஃப்ட் வேலை என்றால் ஆளுயரக் குழியில் இறங்க வேண்டும், பத்து மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும். உனக்கு அப்போது பதினேழு வயது. நீ இப்போது நிரந்தர வேலையில் இருக்கிறாய். மாலை ஐந்தரைக்கு வீட்டில் இருக்கிறாய். உன்னோடு படித்தவர்களில் எத்தனை பேருக்கு இது கிடைத்தது?

மறுப்புச் சீட்டைப் பற்றி. நீயேதான் வேண்டாம் என்றாய். அழைப்பைப் பற்றி வீட்டில் பேசினோம். நீ யோசித்துவிட்டு, "அம்மாவ விட்டுட்டு எப்படிக்கா போறது?" என்றாய், கையெழுத்தும் போட்டாய். ஒன்பது வருடத்தில் உனக்கு மறந்துபோயிருக்கும். நினைவு அப்படித்தான், நமக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துவைத்துக்கொள்ளும்.

இங்கே எனக்கு மூச்சுவிட நேரமில்லை. தலைமை வழிகாட்டி பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. ஜூனில் முடிவு தெரியும். அம்மாவின் கண்ணுக்கு டாக்டர் என்ன சொன்னார்? எழுது.

அன்புடன்
அக்கா

ஏப்ரல் 21

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் ஒரு நிமிடம் உன்னை நம்பிவிட்டேன். எனக்குத்தான் மறந்துவிட்டதோ, அப்படித்தான் சொல்லியிருப்பேனோ என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு, நான் ஜெராக்ஸ் போட்டுக் கொண்டுவந்திருந்த மறுப்புச் சீட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தேன்.

அந்தச் சீட்டில் போட்டிருக்கும் தேதிக்கு எட்டு நாள் முன்னால் நான் மேசை மேல் ஸ்டூல் போட்டு ஏறிச் சீலிங் ஃபேனைக் கழற்றினேன். விழுந்தேன். வலது கை முறிந்தது. விரல் நுனிவரை மாவுக்கட்டு, ஆறு வாரம். என்னால் ஒரு ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியவில்லை. நீதான் தலை வாரிவிட்டாய், நீதான் ஊட்டிவிட்டாய், "மெதுவா மெல்லு, யாரும் பிடுங்கிக்க மாட்டாங்க" என்று சிரித்தாய். அந்தச் சீட்டில் இருக்கும் கையெழுத்து குண்டு குண்டாக, அழகாக, கோடு பிசகாமல் இருக்கிறது. கட்டுப் போட்ட கையால் அப்படிப் போட முடியுமா? எனக்கு ஊட்டின கையாலேயே என் பெயரையும் போட்டிருக்கிறாய்.

இனிமேல் எனக்குக் காது குத்தாதே.

வேலைக்கும் தொழிலுக்கும் என்ன வித்தியாசம் என்று பாடம் எடுத்தாயே, நான் ஒன்று சொல்கிறேன். நீ என் வேலையை மாற்றினது பெரிய விஷயம் இல்லை. பிழைப்புக்கு ஏதோ ஒரு வேலை எல்லாரும்தான் செய்கிறார்கள். என்னையே நான் நம்பாமல் போகச் செய்தாய், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்பது வருடமாக அலுவலகத்தில் ஜெராக்ஸ் மெஷின் மக்கர் பண்ணும்போதெல்லாம் கை பரபரக்கும். "உனக்கு அதுல மார்க்கே இல்ல, பேசாம உட்காரு" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். லிஃப்டுக்காரர் வந்து கதவைத் திறந்தால் நின்று வேடிக்கை பார்ப்பேன், பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு படியேறிப் போய்விடுவேன். பாட்டே வராதவள் மேடையைப் பார்த்து ஏங்குகிற மாதிரி, என் ஆசையே ஒரு கோளாறு என்று நினைத்தேன். நீ போன வருடம் அனுப்பிய துண்டுப் பிரசுரம் இன்னும் பீரோவில் ஒட்டியிருக்கிறது. "உங்கள் விடைத்தாளை வேறு யாரும் நிரப்ப விடாதீர்கள்." உன் போட்டோவோடு.

திங்கள்கிழமை லீவு போட்டுவிட்டு அந்தப் பயிற்சி நிலையத்துக்குப் போனேன். ஆறு மணி நேரப் பஸ். அலுவலகத்தில் இருந்த அம்மாள் விதிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். வயது இருபத்தேழுக்குள் இருக்க வேண்டும். எனக்கு இந்த முறைதான் கடைசி. ஒருமுறை இடம் கிடைத்து மறுத்தவர்கள் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. மறுப்பைப் பதிவு செய்த அலுவலரே, அது விண்ணப்பதாரர் எடுத்த முடிவு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மட்டும் பரிசீலிப்பார்கள். மே 31 கடைசி நாள்.

"அந்த ஆபீசர் இன்னும் சர்வீஸ்ல இருக்காங்களா?" என்று கேட்டாள். "இருக்காங்க, நல்லா இருக்காங்க" என்றேன்.

எழுதிக் கொடு.

தங்கை

மே 3

திருகாணிக்கு,

சரி. நீ போடவில்லை. நான்தான் போட்டேன்.

இதை எழுத எனக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். நீ நினைக்கிற மாதிரி நான் கல் மனசுக்காரி இல்லை. அம்மாவுக்கு அப்போது ஒரு கண் போய்விட்டது, மற்றது மங்கிக்கொண்டிருந்தது. நீயோ கையை முறித்துக்கொண்டு கிடந்தாய். ஒரு ஃபேனைக் கழற்றப் போய்க் கையை உடைத்துக்கொண்டவளை லிஃப்ட் குழியில் இறக்க எந்த அக்காவுக்கு மனசு வரும்? பயத்தில் செய்தேன். உன் நல்லதுக்கு என்று நினைத்தேன். அம்மாவுக்காகவும்தான்.

இப்போது நடக்க வேண்டியதைப் பார்ப்போம். கடிதத்தோடு ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறேன். படித்துப் பார். "அந்நாளில் மையத்தில் பணியாற்றிய பதிவெழுத்தரின் கவனக்குறைவால், வேறொரு மாணவரின் மறுப்பு இவருடைய பெயரில் பதிவாகிவிட்டது. இவர் இடத்தை மறுக்கவில்லை." என் கையெழுத்து, முத்திரை, எல்லாம் சரியாக இருக்கிறது. இதைக் கொடுத்தால் உன் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வார்கள். அந்த அம்மாளை எனக்குத் தெரியும், அதற்கு மேல் கேள்வி கேட்கமாட்டாள்.

பதிவெழுத்தர் யார் என்று உனக்குத் தெரியும். நம் குடை அண்ணன். வெயிலோ மழையோ, குடை இல்லாமல் வரமாட்டாரே, அவர்தான். ஓய்வு பெற்று ஐந்து வருடமாகிறது. மகள் வீட்டில் இருக்கிறார். இந்தத் தாள் அவர் கண்ணில் படப்போவதே இல்லை. யாருக்கும் நஷ்டமில்லை. உனக்கு இடம் கிடைக்கும், எனக்கு வேலை இருக்கும். உண்மையை எழுதினால் பொய்க் கையெழுத்து என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பதவி உயர்வு கிடக்கட்டும், பன்னிரண்டு வருட வேலையே போய்விடும். உனக்கு வேண்டியது பயிற்சி இடம்தானே? என் கழுத்து இல்லையே?

தயவுசெய்து இதை வைத்துக்கொள்.

அக்கா

மே 9

அக்காவுக்கு,

சான்றிதழைத் திருப்பி அனுப்புகிறேன். உறையிலேயே இருக்கிறது.

உடனே திருப்பி அனுப்பிவிட்டேன் என்று நினைக்காதே. அவ்வளவு பெரிய மனசு எனக்கு இல்லை. இரண்டு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். மறுபடி ஆறு மணி நேரப் பஸ் ஏறினேன். நிலையத்தின் வாசலில் பெரிய கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. உள்ளே ஒரு லிஃப்டைப் பாதியாக வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். கயிறு, கப்பி, எதிர்எடை எல்லாம் வெளியே தெரிகிறது. ஒரு பெண் என் வயசுதான் இருக்கும், முட்டி போட்டு உட்கார்ந்து ஏதோ ஒரு நட்டைத் திருகிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே போய்க் காகிதத்தை நீட்ட வேண்டியதுதான். கை பைக்குள்ளே போய்விட்டது.

ஆனால் பள்ளி விட்டதும் உனக்காக உன் ஆபீசில் காத்திருப்பேனே, நினைவிருக்கிறதா? நீ உள்ளே யாருக்காவது ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பாய். குடை அண்ணன் தன் மேசைக்கு அடியிலிருந்து ஓடாத டேபிள் ஃபேனை எடுத்துக் கொடுத்து, "இந்தா, உன் பேஷன்ட்" என்பார். நான் பிரிப்பேன், பூட்டத் தெரியாமல் விழிப்பேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மறுபடி மேசைக்கு அடியில் தள்ளிவைப்பார், அடுத்த நாளும் எடுத்துக் கொடுப்பார். ஒருநாள் அது ஓடியது. மொத்த ஆபீசையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்த மனுஷன் பெயரில் கவனக்குறைவு என்று எழுதிய தாளைக் கொடுத்து நான் உள்ளே போவதா? என் பெயரில் நீ பொய் எழுதினாய். இப்போது அவர் பெயரில் எழுதுகிறாய். அதற்கு நான் ஆள் இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

இன்னொரு விஷயம். உன் கடிதத்தை அம்மா கையால் தடவிப் பார்த்துவிட்டு, "பெரியவ லெட்டரா? படி" என்றாள். ஒரு வரி விடாமல் படித்தேன். மறைத்துப் பூசி மெழுக எனக்குத் தெம்பு இல்லை. அம்மா சொன்னாள்:

"எனக்குக் கண்ணு போகப் போகுதுன்னு டாக்டர் சொன்னதும் பயந்து போயிட்டேன்டி. ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தி என்கூட இருங்கன்னு உங்க அக்காகிட்ட கெஞ்சினேன். யாருன்னு நான் சொல்லல."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"அவதானே விவரமானவ. அவ பார்த்துப்பான்னு விட்டுட்டேன்."

அம்மா உன்னிடம் யாராவது என்றுதான் கேட்டிருக்கிறாள். என்னைத் தேர்ந்தெடுத்தது நீ. பயம், என் கை, என் நல்லது என்று நீ கட்டுகிற சப்பைக்கட்டு எதுவும் எனக்கு வேண்டாம். ஏன் நான் என்று மட்டும் சொல்.

இதோடு ஒரு வெற்றுத் தாள் வைத்திருக்கிறேன். அதே அறுபது கேள்வி. உன் மையத்துத் தாள்கட்டில் உபரியாக இருந்தது. ஊருக்கெல்லாம் கொடுக்கிறாயே, நீ ஒருமுறை நிரப்பு. பென்சிலில் வேண்டாம், பேனாவால் நிரப்பு.

தங்கை

மே 19

தங்கைக்கு,

திருகாணி என்று கூப்பிடும் தைரியம் இன்று இல்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காலைத் தபாலில் இரண்டு உறை வந்தன. இரண்டும் மையத்துக்குத்தான் வந்தன. ஒன்று எனக்கு. மூன்று வருடம் தற்காலிகமாக இருந்தவளுக்கு நிரந்தர நியமனம். இந்த ஊரில், பதினைந்து நாளில் சேர வேண்டும், சேராவிட்டால் உத்தரவு ரத்து. இன்னொன்று உனக்கு, முப்பத்தொன்றாம் இடம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள்.

"அவளுக்குப் பதினேழுதானே, இன்னும் எத்தனையோ வாய்ப்பு வரும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். மறுப்பு ஒருமுறை பதிவானால் அந்த வாசல் மூடிவிடும் என்று எனக்குத் தெரியும். அந்த விதியை மாணவர்களுக்கு விளக்குகிறவளே நான்தான். தெரிந்தே மூடினேன். உன்னிடம் கேட்டிருந்தால் நீ போகிறேன் என்று சொல்லியிருப்பாய், எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. எனக்குப் போக வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். இதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை, எவ்வளவு தேடினாலும்.

தாளை நிரப்பினேன். சம்பளம் வாங்கிக்கொண்டு பன்னிரண்டு வருடம் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நீட்டிய தாளை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் கேள்வி, "மற்றவர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லும்போது கேட்கப் பிடிக்குமா?" பிடிக்காது என்று போட்டேன். உண்மை அதுதான். மதியம் வரை மூன்று பேர் பேசினால் எனக்குத் தலை வெடிக்கும். எனக்குப் பிடித்தது யாரும் இல்லாத அறை, அடுக்கின தாள்கள், வரிசை எண். கூட்டிப் பார்த்தேன். ஆவணப் பணி, மிக அதிகம்.

இது எனக்குப் புதிது இல்லை. வழிகாட்டிப் பயிற்சியில் முதல் வாரம் எங்களுக்கே இந்தச் சோதனையைக் கொடுத்தார்கள். அப்போதும் இதேதான் வந்தது. மறைத்துவிட்டேன். வழிகாட்டிப் பதவியில் மரியாதை இருந்தது, மேடை இருந்தது. உன்னிடம் என்ன பொய் சொல்வது என்று அன்று லிஃப்டுக்கு முன்னால் நின்று யோசித்தபோது வாயில் வந்தது என் சோதனை முடிவுதான். என்னுடையதை உன் தலையில் கட்டிவிட்டு நான் கிளம்பிவிட்டேன்.

புதிய சான்றிதழ் உள்ளே இருக்கிறது. "மேற்கண்ட மறுப்பில் உள்ள கையெழுத்து விண்ணப்பதாரருடையது அன்று. பதிவு செய்த அலுவலராகிய நானே அதை இட்டேன். அழைப்பு வந்த செய்தி அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை." ஒரு பிரதி பயிற்சி நிலையத்துக்கு, ஒரு பிரதி என் தலைமை அலுவலகத்துக்கு. இரண்டையும் நானே பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். நேற்று மாலை தலைமை அதிகாரி கூப்பிட்டு, "இதை வாபஸ் வாங்கிக்கிறீங்களா மேடம்?" என்று கேட்டார். இல்லை என்றேன். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விசாரணையில் என்ன வரும் என்று உனக்கும் தெரியும்.

மன்னித்துவிடு என்று எழுதினால் அதுவும் உன்னிடம் ஒன்றைப் பிடுங்குகிற மாதிரி இருக்கிறது. எழுதவில்லை. நீ பயிற்சிக்குப் போனால் அம்மாவோடு யார் இருப்பார்கள்? நான் வரட்டுமா? நீ வேண்டாம் என்றால் வரமாட்டேன். இந்த முறை உன்னைக் கேட்டுவிட்டுத்தான்.

அக்கா

ஜூன் 12

அக்காவுக்கு,

இடம் கிடைத்துவிட்டது. கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். அந்த அம்மாள் உன் சான்றிதழைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள், "அக்காவா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு எதுவும் கேட்காமல் முத்திரை குத்தினாள். வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் இருபதுக்குக் கீழேதான் இருப்பார்களாம். நான் அவர்களுக்குப் பெரியக்கா. என் ஆபீசில் ராஜினாமா கொடுத்துவிட்டேன். பதினெட்டாம் தேதி சேர வேண்டும். குடை அண்ணனுக்குக் கார்டு போட்டேன். "ஃபேன் ஓடிச்சா?" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

விசாரணையில் உன் வேலை போனதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. வருத்தமும் இல்லை. பொய் சொல்லி உன்னைத் தேற்ற எனக்கு வரவில்லை. உன் கடிதத்தைப் படித்தபோது உன்மேல் இரக்கம் வந்தது, அடுத்த நிமிடமே கோபம் வந்தது. நீ உண்மையைச் சொன்னதற்காக நான் நன்றி சொல்ல வேண்டுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடத்தைத் திருப்பித் தர உன் சான்றிதழுக்குச் சக்தி இல்லை. இரண்டு மனசாகத்தான் இருக்கிறேன்.

வரட்டுமா என்று கேட்டாய். அம்மாவிடம் கேட்டேன். "அவ வீடு, அவ வரட்டும். ஆனா நீதான் சொல்லணும்" என்றாள். எனவே நியமன உத்தரவு கீழே இருக்கிறது.

பணி: அம்மாவோடு இருப்பது.

இடம்: நாலாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. இரண்டு வருடம் பொறுத்துக்கொள், நானே வந்து பார்க்கிறேன்.

மேலதிகாரி: அம்மா. திட்டுவாள். பதில் பேசக் கூடாது.

வேலை விவரம்: காலை ஆறு, மாலை ஆறு, இரண்டு வேளை சொட்டு மருந்து. இடது கண்ணுக்கு முதலில். பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்க வேண்டும், குளிர்ச்சியாக விட்டால் துடித்துப்போவாள். நாற்காலியை ஒரு சாண்கூட நகர்த்தாதே, அவள் அடி எண்ணி நடக்கிறாள். செய்தித்தாளில் முதலில் மரண அறிவிப்புகளைப் படித்துக் காட்ட வேண்டும், பிறகுதான் தலைப்புச் செய்தி. தன் கஷ்டத்தை எல்லாம் உன்னிடம் சொல்வாள். உனக்குப் பிடிக்காது என்று தாளில் போட்டிருக்கிறாய். இருந்தாலும் கேட்க வேண்டும்.

விடுப்பு: எனக்குக் கிடைத்த அளவுக்கு. அதாவது, பக்கத்து வீட்டு அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காரும் இரண்டு மணி நேரம்.

தகுதிகாண் காலம்: ஒன்பது வருடம். அது முடிந்ததும் நிரந்தரம் ஆக்குவதா என்று யோசித்துச் சொல்கிறேன்.

பதினேழாம் தேதி காலை சாவியைக் கையில் கொடுப்பேன். நீ படியேறி வரும்போது நான் பெட்டியோடு இறங்கிக்கொண்டிருப்பேன், எதிரில் பார்த்தால் பேச வேண்டும் என்று இல்லை.

ஒப்புக்கொள்வதாக இருந்தால் அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன், போட்டு அனுப்பு. இந்த முறை உன் பெயரைப் போடு.

தங்கை